மீண்டும் முதலிலிருந்து

நுழையும்முன்

கைப்பேசி அசையாமல் நின்றுவிட்டால் அதனை அணைத்து மீண்டும் இயக்குகிறோம், பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஏன் சரியானது என்று நாம் கேட்பதில்லை. திரையோ விசைப்பலகையோ இல்லாத, கையெட்டும் தொலைவிலும் இல்லாத ஒரு சிறு சில்லுக்குள் ஓடும் நிரலை நடுவில் நிறுத்தி, மீண்டும் முதலிலிருந்து ஓட்ட வேண்டுமென்றால் என்ன நிகழ்கிறது? அது எதை மறக்கிறது? எதை மறவாமல் வைத்திருக்கிறது? சென்னையில் வடிவமைக்கப்பட்ட ஒரு செயலியைத் துணைகொண்டு இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

ஆற்றங்கரையில் ஒரு கருவி

தாங்கல் என்பது சிறு ஏரியைக் குறிக்கும் சொல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல் என ஊர்ப்பெயர்களில் அச்சொல் வாழ்கிறது. ஈக்காட்டுத்தாங்கலில் இன்று கண்ணில் படுபவை பட்டறைகளும் அலுவலகக் கட்டடங்களும் மெட்ரோ நிலையமும்தாம். ஆயினும் நீர் தன் பழைய இடத்தை மறக்கவில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடியை எட்டியது. அடையாறு கரைகடந்தது. ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கிண்டி தொழிற்பேட்டையின் பட்டறைகளில் எந்திரங்கள் நீரில் மூழ்கின.

அத்தகைய இரவில் கரையோர மக்களுக்கு வேண்டியது ஆற்றின் நீர்மட்டம் எவ்வளவு என்னும் செய்தி மட்டுமன்று. அது எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதே உயிர்காக்கும் செய்தி. பாலத்தின் அடியில் பொருத்தத்தக்க ஒரு நீர்மட்டக் கருவியைக் கற்பனை செய்துகொள்வோம். பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அது மீயொலியை நீரின்மேல் செலுத்தி, எதிரொலி திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு மட்டத்தை அளக்கிறது. முந்தைய அளவை இப்போதைய அளவிலிருந்து கழித்து, நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று கணக்கிட்டு அனுப்புகிறது. இதனைச் செய்வது ஒரு நுண்கட்டுப்படுத்தி. செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் வாயில்கள் ஆகிய அனைத்தும் ஒரே சில்லுக்குள் அடங்கியிருப்பதால் அதற்கு இப்பெயர். சலவை எந்திரத்திலும் மின்தூக்கியிலும் மின்அளவியிலும் இருப்பது இதன் உறவினர்தான்.

இக்கருவி சோதனைக்கூடத்தில் பிழையின்றி இயங்குகிறது. பாலத்தில் பொருத்தியபின்போ சில வேளைகளில் செயலற்று நின்று, தானே மீண்டும் தொடங்கிவிடுகிறது. தொடங்கியவுடன் நீர்மட்டத்தைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் முந்தைய அளவு அதன் நினைவில் இல்லை. ஆகவே, ‘ஏற்றம் எதுவும் இல்லை’ என்று அறிவிக்கிறது. வெள்ளம் அடிக்குமேல் அடியாக ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் கருவி அமைதியாகக் கூறும் அந்தப் பொய்யைவிட, அது முற்றிலும் பழுதாகிக் கிடப்பது நல்லது. பழுதான கருவியை யாரும் நம்பப்போவதில்லை.

வழுவைத் தொலைவிலிருந்து காணல்

நிரலில் உள்ள குறையை வழு என்றும், அதனைக் கண்டறிந்து களைவதை வழுநீக்கம் என்றும் கணினித் தமிழ் வழங்குகிறது. இலக்கணத்தில் வழு, வழாநிலை, வழுவமைதி ஆகிய மூன்றையும் நீங்கள் பயின்றிருக்கிறீர்கள். பொறியாளரும் இம்மூன்றையும் அறிவர். காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படும் வழுவே வழுவமைதி; ‘நின்றுபோனால் மீண்டும் தொடங்கிக்கொள்ளட்டும்’ என்று பழுதின் மூலத்தைத் தேடாமல் விடுவது பொறியியலின் வழுவமைதி. இலக்கணத்திலாவது அதற்குத் தக்க காரணம் வேண்டும் என்ற நெறி உண்டு.

கணினியில் எழுதும் நிரலைச் சோதிக்கும்போது, நிரலும் அதனைச் சோதிக்கும் வழுநீக்கி என்ற மென்பொருளும் ஒரே கணினியில் இயங்குகின்றன. நுண்கட்டுப்படுத்தியில் அதற்கு இடமில்லை. அதன் தற்காலிக நினைவகம் பெரும்பாலும் சில கிலோபைட்டு முதல் சில நூறு கிலோபைட்டு வரைதான். எனவே நிரல் ஓரிடத்திலும் வழுநீக்கி வேறோரிடத்திலும் இருக்கும். இதுவே தொலைநிலை வழுநீக்கம்.

இதில் மூவர் பங்கேற்கின்றனர் எனலாம். முதலாவது, பொறியாளரின் மேசைக்கணினியில் இயங்கும் வழுநீக்கி. ஜி.டி.பி. என்பது பரவலாகப் பயன்படும் ஒன்று (பொருளியலில் வரும் ஜி.டி.பி. அன்று), கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1986இல் எழுதியது. நிரலில் நாம் வைத்த பெயர்களும் வரி எண்களும் அதற்குத் தெரியும். சில்லின் உள்ளமைப்பு தெரியாது. இரண்டாவது, இடையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஓப்பன் ஓசிடி என்னும் மென்பொருள் இப்பணியைச் செய்கிறது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு மாணவரின் பட்ட ஆய்வேடாகத் தொடங்கியது அது. சில்லோடு எப்படிப் பேசுவது என்பது அதற்குத் தெரியும். நம் நிரலின் பொருள் தெரியாது. மூன்றாவது, சில்லுக்குள்ளேயே அமைந்துள்ள வழுநீக்கப் பகுதி. செயலியை நிறுத்தவும், அதன் பதிவகங்களைப் படிக்கவும், நினைவகத்தில் எழுதவும் இப்பகுதியால் இயலும்.

வழுநீக்கியும் மொழிபெயர்ப்பாளரும் வலையமைப்பின் வழியே உரையாடுகின்றன. ஓப்பன் ஓசிடி வழக்கமாக 3333 என்னும் எண்ணுள்ள வாயிலில் காத்திருக்கும். உரையாடல் வலையமைப்பின் வழி நிகழ்வதால் இரண்டும் ஒரே அறையில் இருக்க வேண்டியதில்லை. பலகை பாலத்தடியிலும் பொறியாளர் அலுவலகத்திலும் இருக்கலாம். அவர் மதுரையிலும் இருக்கலாம்.

தெரியுமா?

மொழிபெயர்ப்பாளரையும் சில்லையும் இணைக்கும் கம்பிவழிக்கு ‘ஜேடேக்’ என்று பெயர். அச்சுச் சுற்றுப்பலகைகளில் பற்றவைப்புச் சரியாக உள்ளதா என்று சோதிப்பதற்காக 1990இல் தரப்படுத்தப்பட்ட முறை அது. துடிப்பு, நிலை, உள்வரவு, வெளியேற்றம் என நான்கு கம்பிகள் போதும், ஐந்தாவது விருப்பத்திற்குரியது. பற்றவைப்பைச் சோதிக்க வந்த வழியே பின்னாளில் செயலியின் உள்ளத்தைப் பார்க்கும் வழியாயிற்று.

சென்னையின் ‘சக்தி’

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டியைக் கடந்து சில கிலோமீட்டர் சென்றால் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சென்னை வளாகம். அங்கு உருவானதே ‘சக்தி’ என்னும் செயலிக் குடும்பம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ‘ரிஸ்க்-ஃபைவ்’ என்னும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டது இது. செயலிக்கும் நிரலுக்கும் இடையிலான மொழி எல்லோருக்கும் உரிமையானதாக இருப்பதால், உரிமத்தொகை செலுத்தாமல் எவரும் அதற்கேற்ற சில்லை வடிவமைக்கலாம். பேராசிரியர் வீ. காமகோடி முன்னின்று நடத்திய இம்முயற்சியில் ‘ரிமோ’ என்னும் சில்லு 2018இலும், ‘மௌஷிக்’ 2020இலும் வெளிவந்தன. சண்டிகரிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் வார்க்கப்பட்டு, சென்னையில் உயிர்பெற்றவை அவை.

‘சக்தி’யை நாம் இங்கு எடுத்துக்கொள்வதற்குத் தாய்நாட்டுப் பெருமிதம் மட்டும் காரணமன்று. அதன் வடிவமைப்பும், அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் வழுநீக்க விதிகளும் திறந்த ஆவணங்களாக உள்ளன. மூடிய சில்லில் ‘இவ்வாறு செய்தால் தொடங்கும்’ என்று மட்டுமே கூற இயலும். இங்கோ ஏன் அவ்வாறு தொடங்குகிறது என்பதையும் படித்து அறியலாம். ‘சக்தி’யின் மென்பொருள் தொகுப்பும் ஜி.டி.பி., ஓப்பன் ஓசிடி ஆகியவற்றோடு இணைந்தே இயங்குகிறது.

‘ஓட்டு’ என்று ஏன் சொல்ல இயலாது?

மேசைக்கணினியில் ஒரு நிரலை மீண்டும் ஓட்ட, வழுநீக்கியிடம் ‘ரன்’ என்றால் போதும். பழைய ஓட்டத்தை இயக்கமுறைமை முடித்துவைக்கிறது. அது பயன்படுத்திய நினைவகத்தைத் திரும்பப் பெறுகிறது. திறந்து வைத்த கோப்புகளை மூடுகிறது. புதிய ஓட்டத்திற்குத் தூய்மையான இடம் தருகிறது. இத்தனை பணிகளையும் ஒருவர் நமக்காகச் செய்கிறார் என்பதே நம் நினைவுக்கு வருவதில்லை.

சிறிய நுண்கட்டுப்படுத்தியில் அந்த ஒருவர் இல்லை. அங்கு இருப்பது ஒரே நிரல். அது மின்சாரம் வந்ததுமுதல் ஓடிக்கொண்டே இருப்பது. தொலைநிலையில் வழக்கமான முறையில் இணைந்த ஜி.டி.பி.யிடம் ‘ரன்’ என்று கூறினால், தொலைவிலுள்ள இலக்கு அதனை ஏற்கவில்லை என்றே விடை வரும். புதிதாக இவ்வழி வந்தவர்கள் இதனை மென்பொருளின் குறை என்று எண்ணுவதுண்டு. உண்மையில் அவ்விடையில் ஒரு நேர்மை இருக்கிறது. முதலிலிருந்து ஓட்டு என்கிறாயே, எந்த முதல் என்று அது கேட்கிறது.

முதல் என்பது மூன்று வகைப்படலாம்.

செயலிக்குள் ‘நிரல் எண்ணி’ என்றொரு பதிவகம் உண்டு. அடுத்து நிறைவேற்ற வேண்டிய ஆணை நினைவகத்தில் எங்கிருக்கிறது என்பதை அது காட்டும். அதில் நிரலின் முதல் ஆணைக்குரிய முகவரியை எழுதிவிட்டு ‘தொடர்க’ என்றால் நிரல் முதலிலிருந்து ஓடும். எளிய வழி; ஏமாற்றும் வழியும் இதுவே. ஆசிரியர் பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டு நூலின் முதற்பக்கத்தைப் புரட்டுகிறார் என்று கொள்ளுங்கள். பாடம் முதலிலிருந்து தொடங்கும். கரும்பலகையில் எழுதியது அழிந்ததா? இல்லை. பாடவேளையின் மணி பின்னோக்கிச் சென்றதா? இல்லை. கையுயர்த்தி நிற்கும் மாணவர் அமர்ந்தாரா? அதுவும் இல்லை.

சில்லுக்குள்ளும் அவ்வாறே. நிரல் எண்ணி மாறியதே அன்றி, நேரங்காட்டி விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது. தொடர்வாயிலில் பாதி அனுப்பிய எழுத்து பாதியிலேயே நிற்கிறது. ஒரு குறுக்கீட்டுக்கு விடையளித்துக்கொண்டிருந்தபோது செயலியை நாம் நிறுத்தியிருந்தால், பிற குறுக்கீடுகளை ஏற்காத நிலையிலேயே அது முதல் ஆணைக்குத் தாவியிருக்கும். நிரலின் தொடக்கப் பகுதி, மாறிகளுக்குரிய முதல் மதிப்புகளை அழியா நினைவகத்திலிருந்து எடுத்துத் தற்காலிக நினைவகத்தில் நிரப்பும். மதிப்புத் தரப்படாதவற்றைச் சுழியமாக்கும். ஆனால் சோதனைக்காக நிரல் முழுவதையும் தற்காலிக நினைவகத்திலேயே ஏற்றியிருந்தால், எடுத்து நிரப்ப வேறோர் படி இல்லை. முதல் ஓட்டத்தில் மாறிப்போன மதிப்புகளோடுதான் இரண்டாம் ஓட்டம் தொடங்கும். அப்போது தோன்றும் விந்தையான நடத்தை நிரலின் வழு அன்று; முன்னைய ஓட்டத்தின் எச்சம். அந்த எச்சத்தைத் துரத்தி முழுநாளையும் இழக்கலாம். அதற்குரிய மருந்து, நிரலை மீண்டும் ஒருமுறை ஏற்றிவிட்டுத் தொடங்குவதே.

இரண்டாவது வகை மீட்டமைவு. மாணவர்களை வெளியே அனுப்பி, கரும்பலகையைத் துடைத்து, மணியடித்து வகுப்பைப் புதிதாகத் தொடங்குவது போன்றது. செயலியும் அதனைச் சூழ்ந்த வாயில்களும் நேரங்காட்டிகளும் மின்சாரம் வந்த கணத்திலிருந்த நிலைக்குத் திரும்பும். ஆனால் இதிலொரு சிக்கல் உண்டு. எல்லாவற்றையும் மீட்டமைத்தால், நம்மோடு பேசிக்கொண்டிருக்கும் வழுநீக்கப் பகுதியும் தன்னை மறந்துவிடுமே! ரிஸ்க்-ஃபைவ் விதிகளை வகுத்தோர் இதனை எண்ணிப் பார்த்திருக்கின்றனர். வழுநீக்கப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு ஏனைய அனைத்தையும் மீட்டமைக்கும் தனிக் குறிகை அவ்விதிகளில் உள்ளது. வீட்டை வெள்ளையடிக்கும்போது கணக்கேட்டை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நிற்பவரைப் போல, அப்பகுதி நினைவோடு இருக்கும்.

மீட்டமைந்த செயலி உடனே ஓடத் தொடங்கிவிடும் என்பதையும் மறக்கலாகாது. நொடிக்கு 5 கோடித் துடிப்புகளில் இயங்கும் செயலிக்கு ஒரு மில்லி நொடி என்பது 50,000 துடிப்புகள். ‘நில்’ என்னும் ஆணை வலையமைப்பைக் கடந்து வந்துசேர்வதற்குள் நாம் காண விரும்பிய தொடக்கம் முடிந்து, நிரல் நெடுந்தூரம் சென்றிருக்கும். ஆகவே மீட்டமைக்கும்போதே, விழித்தவுடன் முதல் ஆணையை நிறைவேற்றுமுன் நின்றுவிடு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’ என்று ஜி.டி.பி.யில் எழுதப்படும் மூன்று சொற்களின் பொருள் இதுவே. முதற்சொல், ‘இது உனக்கன்று, மொழிபெயர்ப்பாளருக்கு அப்படியே அனுப்பு’ என்று வழுநீக்கிக்குச் சொல்வது. மற்ற இரண்டும் ‘மீட்டமை, நிறுத்து’ என்பன.

இங்கே நுட்பமான ஒரு பொறி இருக்கிறது. ஆணையைப் படிக்காமல் அப்படியே கடத்திய ஜி.டி.பி.க்குச் சில்லு மீட்டமைந்தது தெரியாது. முன்பு படித்து வைத்த பதிவக மதிப்புகளையே அது தொடர்ந்து காட்டக்கூடும். செயலி முதல் ஆணையில் நிற்க, திரையோ பழைய இடத்தையே காட்டும். சேமித்து வைத்த பதிவகங்களை மறந்துவிட்டு மீண்டும் படி என்று அதற்குத் தனியே ஆணையிட வேண்டும். மறக்க வேண்டியது சில்லு மட்டுமன்று என்பதைப் பலரும் பட்டுத்தான் அறிகின்றனர்.

மூன்றாவது, மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் தருவது. கைப்பேசியில் நாம் செய்வது பெரும்பாலும் இதற்கு நெருக்கமானது. எல்லாம் துடைக்கப்படும், இணைப்பும் அறுபடும், பாலத்தடியில் யாராவது இறங்க வேண்டியிருக்கும்.

துடைக்குமுன் படித்தல்

மூன்று வகைத் தொடக்கங்களில் எது சிறந்தது என்று கேட்பதைவிட, தொடங்குமுன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதே பொருத்தம். நின்றுபோன நிரல் என்பது தடயங்கள் நிறைந்த அறை. மீட்டமைவு அந்த அறையைக் கழுவிவிடும்.

ரிஸ்க்-ஃபைவ் செயலியில் பிழை நேரும்போது சில பதிவகங்கள் தாமாகவே நிரம்புகின்றன. எந்த ஆணையில் பிழை நேர்ந்தது என்பதை ஒன்றும், பிழையின் வகையை மற்றொன்றும் கூறும். வகை 2 என்றால் செயலிக்குப் புரியாத ஆணை. 5 என்றால் படிக்க இயலாத முகவரியிலிருந்து படிக்க முயன்றது. 7 என்றால் எழுத இயலாத முகவரியில் எழுத முயன்றது. நம் நீர்மட்டக் கருவி வகை 5ஐக் காட்டி நின்றது என்று கொள்வோம். பிழை நேர்ந்த ஆணையின் முகவரியை நிரலோடு ஒப்பிட்டால், எதிரொலியே திரும்பாத வேளையில் அளவுப் பட்டியலின் எல்லைக்கு அப்பால் நிரல் கைநீட்டியது தெரியவரும். சோதனைக்கூடத்தில் தரையிலிருந்து எதிரொலி எப்போதும் திரும்பியது. பாலத்தின் கீழோ நுரையும் மிதக்கும் குப்பையும் ஒலியைச் சிதறடித்தன. வழு இருந்தது நிரலில். அது வெளிப்பட வெள்ளம் தேவைப்பட்டது. பொறுமையிழந்து முதலில் மீட்டமைவை அழுத்தியிருந்தால் இவ்விரு எண்களும் போயிருக்கும். வழு மட்டும் இருந்திருக்கும்.

எல்லா நேரமும் வழுநீக்கியை இணைத்து வைத்திருக்க இயலாது. ஆகவே தேர்ந்த நிரலாளர் நினைவகத்தில் ஒரு சிறு பகுதியைத் தொடக்கப் பகுதி துடைக்காதவாறு ஒதுக்கி வைக்கின்றனர். கடைசியாக நேர்ந்த பிழையின் வகை, முகவரி, இதுவரை எத்தனை முறை மீட்டமைவு நேர்ந்தது என்பன அதில் எழுதப்படும். நீர்மட்டக் கருவியின் முந்தைய அளவும், அது எடுக்கப்பட்ட நேரமும் அங்கேதான் இருக்க வேண்டும். அவற்றோடு ஒரு சரிபார்ப்பு எண்ணும் வேண்டும். மின்சாரம் போய் வந்தபின் அப்பகுதியில் இருப்பது குப்பையா செய்தியா என்பதை அதைக்கொண்டே அறிய இயலும். குப்பை எனத் தெரிந்தால், கருவி ‘ஏற்றம் இல்லை’ என்று அறிவிக்கக் கூடாது. ‘ஏற்றம் தெரியவில்லை’ என்றே அறிவிக்க வேண்டும்.

மறப்பதற்கும் நினைவில் வைப்பதற்கும் இடையே இவ்வாறு கோடிழுத்ததால் பெரும்பயன் விளைந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது அதன் கணினி வேலைப்பளு தாங்காமல் 1202 என்னும் எச்சரிக்கை எண்ணைக் காட்டி, சில நிமிடங்களுக்குள் பலமுறை தன்னைத் தானே மீண்டும் தொடங்கியது. இன்றியமையாத பணிகள் ஒவ்வொன்றும் எதுவரை முடிந்தன என்பதை அது குறித்து வைத்திருந்தது. மீண்டும் தொடங்கியதும் அவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, மற்றவற்றைக் கைவிட்டது. கலம் தடுமாறவில்லை.

காவல் கடிகாரம்

யாரும் அருகில் இல்லாத கருவியை மீண்டும் தொடங்குவது யார்? அதற்கென ஒவ்வொரு நுண்கட்டுப்படுத்தியிலும் பெரும்பாலும் ஒரு காவல் கடிகாரம் உண்டு. ‘வாட்ச்டாக்’ என்று ஆங்கிலவழக்கில் குறிப்பர். நிரல் நலமாக ஓடும்போது குறித்த நேரத்திற்குள் ஒருமுறை இக்கடிகாரத்தைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தட்டுதல் நின்றால் நிரல் சிக்கிக்கொண்டது என முடிவுசெய்து கடிகாரம் சில்லை மீட்டமைக்கும். வழுநீக்கத்தின்போது இதுவே இடையூறாவதும் உண்டு. நாம் தடயங்களைப் படிப்பதற்காகச் செயலியை நிறுத்துகிறோம். தட்டுவாரில்லை எனக் கண்ட கடிகாரம் தடயங்களை அழித்துவிடுகிறது. திருடனைப் பிடிக்க வந்தவரையே நாய் கடித்த கதைதான். செயலி நிறுத்தப்பட்டிருக்கும்போது கடிகாரமும் நிற்குமாறு பல சில்லுகளில் வழிசெய்யப்பட்டுள்ளது. பணியைத் தொடங்குமுன் அதனை உறுதிசெய்துகொள்வது நல்லது.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து உருவாக்கி, 2025 பிப்ரவரியில் அறிவித்த ‘ஐரிஸ்’ என்னும் சில்லிலும் காவல் கடிகாரங்கள் இடம்பெற்றுள்ளன. விண்கலங்களில் பயன்படுத்துவதற்கென ‘சக்தி’யை அடிப்படையாகக் கொண்டு அமைந்த சில்லு அது. திருவனந்தபுரத்தில் கருத்து உருவாகி, சண்டிகரில் வார்க்கப்பட்டு, சுற்றுப்பலகை குஜராத்தில் அச்சாகி, சென்னையில் பொருத்தப்பட்டு, சென்னை வளாகத்தில் முதன்முறை இயங்கியது. பிழை தாங்கும் நினைவகமும் அதில் உண்டு. விண்வெளியில் மீட்டமைவுப் பொத்தானை அழுத்தச் செல்வார் எவருமிலர்.

காவல் கடிகாரம் உயிர்காக்கும்; நோயைக் குணப்படுத்தாது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சில நாள்களில் மீண்டும் மீண்டும் மீட்டமையத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் அன்றைய மீதிப் பணி மறுநாளுக்குத் தள்ளிப்போனது. கலம் பிழைத்திருந்தது, காரணம்தான் புரியவில்லை. பூமியிலிருந்து அனுப்பும் ஆணை அங்குச் சென்றுசேரவே பத்து நிமிடங்களுக்கு மேலாகும் நிலையில், நிரலை வரிவரியாக நிறுத்திப் பார்ப்பது இயலாத செயல். எனவே பொறியாளர்கள் கலத்தின் இரட்டையான கருவியை ஆய்வுக்கூடத்தில் இயக்கி, நிகழ்வுகள் ஒவ்வொன்றையும் பதிவுசெய்தவாறே அதே மீட்டமைவு நேரும்வரை காத்திருந்தனர்.

கிடைத்த விடை வியப்பானது. வானிலைத் தரவு திரட்டும் தாழ்ந்த முன்னுரிமைப் பணி ஒன்று, பொதுவான ஒரு வளத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருந்தது. மிக உயர்ந்த முன்னுரிமைப் பணி அத்திறவுகோலுக்காகக் காத்திருந்தது. இவ்விரண்டுக்கும் நடுவிலான ஒரு நீண்ட பணி, திறவுகோல் எதுவும் தேவைப்படாததால், தாழ்ந்ததைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ந்தது ஓடினால்தான் திறவுகோல் விடுபடும், ஓட முடியவில்லை. உயர்ந்த பணி நேரத்தில் முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு கலத்தை மீட்டமைத்தது. உயர்ந்ததைக் காக்கவைக்கும்வரை தாழ்ந்ததற்கும் அதே முன்னுரிமையைக் கடனாக அளிப்பதே தீர்வு. அவ்வசதி நிரலில் முன்பே இருந்தது, அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனை இயக்கும் சிறு திருத்தம் செவ்வாய்க்கு அனுப்பப்பட்டபின் அவ்வகை மீட்டமைவுகள் நின்றன. இத்தகைய மீட்டமைவுகள் ஏவுதலுக்கு முந்தைய சோதனைகளிலும் அரிதாகத் தலைகாட்டியிருந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

மறுதொடக்கம் பயன்படாத இடமும் உண்டு. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 கலம் 2023 நவம்பரில் பொருளற்ற தரவை அனுப்பத் தொடங்கியது. தரவுகளைத் தொகுக்கும் அதன் கணினியைப் பொறியாளர்கள் டிசம்பரில் மீண்டும் தொடங்கிப் பார்த்தனர், மாற்றமில்லை. ஆணை ஒன்று சென்றுசேர ஏறத்தாழ 22½ மணி நேரம். விடை வர அதே அளவு நேரம். 2024 மார்ச்சில் அக்கணினியின் நினைவகம் முழுவதையும் படியெடுத்து அனுப்புமாறு செய்து, பழைய படியோடு ஒப்பிட்டனர். நினைவகத்தின் சுமார் 3 விழுக்காடு ஒரே ஒரு சில்லின் பழுதால் சிதைந்திருந்தது. எத்தனை முறை முதலிலிருந்து தொடங்கினாலும் நிரல் அதே சிதைந்த இடத்துக்கே வந்துசேரும். முழுப் பகுதியையும் வைக்கப் போதிய வேறிடம் இல்லாததால், அதனைத் துண்டுகளாக்கி நினைவகத்தில் கிடைத்த இடங்களில் பிரித்து வைத்து, ஒன்றையொன்று தேடிச்செல்லும் முகவரிகளையெல்லாம் திருத்தி ஏப்ரல் 18 அன்று அனுப்பினர். ஏப்ரல் 20 அன்று கலத்தின் நலச்செய்தி புரியும்படி வந்தது. ஜூனில் நான்கு அறிவியல் கருவிகளின் தரவுகளும் மீண்டும் வரத் தொடங்கின.